60 வினாடிப் பேச்சு 55 வினாடியில் முடிந்தது ஏன்?

படிவம் 4 மாணவன் ஒருவன் தன் வகுப்புத் தோழர்களுக்காக ஒரு கேட்டல் பயிற்சி நிரலை எழுதினான். பதிவு செய்த என் குரல் ஒரு பத்தியை வாசிக்கும். அதைக் கேட்டு விடையளிக்க வேண்டும். அவனுடைய மடிக்கணினியில் அருமையாக ஓடியது. பள்ளியின் கணினி அறையில் ஓடவிட்டபோதோ, என் குரல் சற்றுக் கீச்சென்றும் அவசரமாகவும் ஒலித்தது.

“ஸ்பீக்கர் கெட்டுப்போச்சு, டீச்சர்” என்றான்.

நேரத்தை அளக்கச் சொன்னேன். 60 வினாடி வாசிப்பு 55 வினாடியில் முடிந்திருந்தது. கெட்டுப்போன ஸ்பீக்கர் ஒலியைக் கரகரப்பாக்கலாம், நேரத்தைச் சுருக்காது.

கணினியில் ஒலி என்பது எண்களின் வரிசை. ஒலியலையை வினாடிக்கு 44,100 முறை அளந்து பதிவதே குறுந்தட்டுக் காலத்திலிருந்து வரும் வழக்கம். இந்தப் பதிவும் அப்படித்தான். ஆனால் பல கணினிகளின் ஒலிக்கருவி வினாடிக்கு 48,000 எண்களை வாசிக்கும். 60 வினாடிக்கு உரிய 26,46,000 எண்களை அந்த வேகத்தில் வாசித்தால் 55 வினாடிக்குச் சற்றே கூடுதலாக ஆகும். கணக்கு சரியாகப் பொருந்தியது.

அவன் பயன்படுத்தியது 1998இல் சேம் லாண்டிங்கா தொடங்கிய எஸ்டிஎல் என்னும் பல்லூடக நிரல் தொகுப்பின் 2ஆம் பதிப்பு. நிரலுக்கும் ஒலிக்கருவிக்கும் இடையே அது தரகர் மாதிரி. 44,100 கேட்டால், கருவிக்கு ஏற்றபடி அதுவே மாற்றிக் கொடுக்கும். ‘கருவியின் வேகத்தையே வைத்துக்கொள்’ என்று அனுமதித்தால் மாற்றாது. கிடைத்த வேகத்தை மட்டும் தெரிவிக்கும். எங்கிருந்தோ நகலெடுத்த ஒரு வரியால் இவன் அனுமதி கொடுத்திருந்தான், பதிலைப் படிக்கவில்லை. அவனுடைய மடிக்கணினி 44,100இல் ஓடியதால் அங்கே பிழை வெளிப்படவில்லை.

வரியை நீக்கியதும் குரல் சரியானது. ஆனாலும் காதை மட்டும் நம்ப வேண்டாம் என்றேன். பேச்சுக்குப் பதிலாக 440 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, கைப்பேசியில் உள்ள சுருதி பார்க்கும் செயலியால் அளந்தோம். பழைய நிரலில் 479, புதியதில் 440. ஸ்பீக்கரே இல்லாமலும் சோதிக்கலாம்: எஸ்டிஎல் ஒலியைக் கோப்பில் எழுதும் வசதியையும் தருகிறது, அந்த எண்களை நேரடியாக ஒப்பிடலாம்.

மிகப் பழைய கணினி ஒன்றில் மட்டும் ‘பட் பட்’ என்ற சத்தம் வந்தது. ஒரு தடவைக்கு 512 எண்கள் அனுப்பினால் 12 மில்லி வினாடிக்குத்தான் போதும். அதற்குள் அடுத்த தொகுதி வராவிட்டால் ஒலி அறுபடும். 2,048 ஆக்கினான். 46 மில்லி வினாடி தாமதம் விளையாட்டில் உறுத்தலாம், வாசிப்பில் தெரியாது.

ஒரு பிழை பாக்கி. பாதியில் ஹெட்செட்டைக் கழற்றினால் ஒலி நின்றுவிடுகிறது. நிரல் அந்த ஒரு கருவியையே பெயர் குறிப்பிட்டுத் திறக்கிறது. எஸ்டிஎல் 3இல் கணினியின் இயல்பான கருவியைத் திறந்தால், அது மாறும்போது ஒலியும் தானாகப் பின்தொடரும். அதற்கு ஒலிப் பகுதியைத் திருத்தி எழுத வேண்டும். பள்ளி விடுமுறையில் செய்வதாகச் சொல்லியிருக்கிறான்.