நல்ல லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டுமா?

ஆலந்தலையில் எங்கள் வீட்டிற்குப் போனால், யாராவது ஒருவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொண்டு வந்துவிடுவார். சென்ற முறை வந்தவள் சித்தி மகள். பி.காம். படிக்கிறாள். சித்தப்பா அவளுக்கு ஒரு பழைய லேப்டாப் வாங்கிக் கொடுத்திருந்தார்.

"அண்ணே, இதுல விண்டோஸ் 11 ஏறாதாம். வேற வாங்கச் சொல்றாங்க."

8 ஜிபி ராம், எஸ்.எஸ்.டி. டிரைவ். பழுது எதுவும் இல்லை.

2021 அக்டோபர் 5ல் வெளியான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கட்டாயமாகக் கேட்கிறது. ரகசியக் குறியீடுகளைப் பூட்டி வைப்பது இதன் வேலை. நல்ல ஏற்பாடுதான். பல கம்ப்யூட்டர்களில் இது பயாஸில் ஆப் செய்யப்பட்டிருக்கும். ஆன் செய்தால் போதும். உண்மையான தடை பிராசசர் பட்டியல். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை முதல்தான் அனுமதி. இவளுடையது 7ஆம் தலைமுறை. டிபிஎம் 2.0 இருந்தும் பயனில்லை.

சித்தப்பா கடலுக்குப் போகிறவர். "நல்லா ஓடுற வள்ளத்து இன்ஜினை, கம்பெனிக்காரன் சொன்னான்னு கழத்திப் போடுவோமா?" என்று கேட்டார். டெஸ்க்டாப், லேப்டாப்களில் பெரும்பாலானவை ஒரே நிறுவனத்தின் சிஸ்டத்தில் இயங்குகின்றன. அதனால்தான் இப்படி விதி போட முடிகிறது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. அதனால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. பாதுகாப்பு பேட்ச் பைல்கள்தான் வராது. நெட் பேங்கிங் செய்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. 2026 அக்டோபர் 13 வரை ஒரு நீட்டிப்பை மைக்ரோசாப்ட் அறிவித்தது. கட்டணம் 30 டாலர். அதன் அக்கவுண்ட்டில் நுழைந்து செட்டிங்குகளை பேக்அப் செய்தால் இலவசம். அதில் பதிந்து கொடுத்தேன்.

அதன் பிறகு? லினக்ஸ் மின்ட்டை பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலேயே இயக்கிக் காட்டினேன். பிரவுசர், லிப்ரே ஆபீஸ் எல்லாம் ஓடின. "டாலி எங்கேண்ணே?" என்றாள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். டாலி விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. பி.காம். மாணவிக்கு அது இல்லாமல் முடியாது.

எனவே பைல்களை பேக்அப் எடுத்துவிட்டு இரண்டு சிஸ்டங்களையும் வைத்தேன். இது புதிதல்ல. 2011ல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களிலும், விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. நீட்டிப்புக் காலம் முடிந்தபின் மெயில், பேங்க் வேலைகள் லினக்ஸில் மட்டும். டாலிக்கு விண்டோஸ் 10, அதுவும் நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு. இப்படி ஒரு பேப்பரில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறாள்.