சின்னச் செவிக்கும் கேட்கும் முதல் குரல்

போனில் ஃப்ளைட் மோடை அணைத்துவிட்டுத் திரையின் மேல் ஓரத்தைப் பாருங்கள். சிறிது நேரம் அங்கே ஒன்றும் இருக்காது. பிறகு சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பும். அந்தச் சில நொடிகளில் டவருக்கும் போனுக்கும் நடக்கும் அறிமுகத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். முதல் வார்த்தை பேசும்போது, கேட்பவர் யாரென்று டவருக்குத் தெரியாது. விலை உயர்ந்த போனாக இருக்கலாம், மணிக்கட்டில் கட்டிய வாட்ச்சாக இருக்கலாம், ஆலைக் குழாயில் வெப்பம் அளக்கும் சென்சாராகவும் இருக்கலாம்.

இவற்றின் செவிகள் ஒரே அளவு அல்ல. இந்தியாவில் 2022-இல் ஏலம் விடப்பட்ட 3.5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு 5ஜி டவர் 100 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பேச முடியும். அத்தனையையும் ஒரே நேரத்தில் கேட்க, போன் உள்ளே வரும் அலையை வழக்கமாக நொடிக்குச் சுமார் 12 கோடி முறை அளந்து பார்க்கிறது. 20 மெகாஹெர்ட்ஸ் கேட்டால் போதும் என்றால் சுமார் 3 கோடி முறை அளந்தால் போதும். சிப் எளிதாகும், விலை குறையும், பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும். அதனால்தான் உலகம் முழுவதற்கும் செல்பேசி விதிகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, 2022-இல் முடித்த 17-ஆம் வெளியீட்டில் ‘ரெட்கேப்’ என்ற சிக்கன வகையைச் சேர்த்தது. 3.5 கிகாஹெர்ட்ஸ் போன்ற பகுதிகளில் அதன் செவி 20 மெகாஹெர்ட்ஸ்தான்.

அந்தச் சின்னச் செவிக்கு டவரின் குரல் எப்படிக் கேட்கிறது? இங்கேதான் 2018-இல் வந்த முதல் 5ஜி விதிகளின் முன்யோசனை தெரிகிறது. டவர் எவ்வளவு அகலமாகப் பேசினாலும் அதன் அடையாளத் துடிப்பு இந்தப் பகுதியில் 7.2 மெகாஹெர்ட்ஸ்தான். வழக்கமாக 20 மில்லி நொடிக்கு ஒரு முறை, கலங்கரை விளக்கம் போல அது வந்துபோகும். அடுத்த அறிவிப்பை எங்கே தேடுவது என்பதும் அதிலேயே இருக்கும். தேட வேண்டிய அந்த இடமும் 17.28 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாது. ரெட்கேப் பிறக்கும் முன்பே, அதற்குக் கேட்கிற அளவில் முதல் குரல் அமைந்துவிட்டது.

இரண்டாவதாக வரும் அறிவிப்பில், இணைப்பின் தொடக்கத்தில் எந்தப் பட்டையில் காதை வைக்க வேண்டும் என்று டவர் சொல்கிறது. பெரிய போன்களுக்கு ஒரு பட்டை, ரெட்கேப்புக்குத் தனியாக இன்னொன்று என்று இரண்டு குறிக்கலாம். சின்னப் பட்டையை எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல்.

நிலத்தின் நடுவில் ஒருவருக்கு நாலு சென்ட் பிரித்துக் கொடுத்தால் மிச்ச நிலத்தில் டிராக்டர் நேராக ஓட முடியாது. ஓரமாகக் கொடுத்தால் தொல்லையில்லை. அதே கதைதான். சின்னச் சாதனங்கள் நடுவில் நின்று டவருக்குப் பதில் அனுப்பினால், பெரிய போன் தரவைத் தடையின்றி டவருக்கு ஏற்ற வேண்டிய நீண்ட பரப்பு துண்டாகிவிடும். எனவே அவற்றை ஓரத்துக்கு நகர்த்துகிறார்கள். ஆனால் இந்த அலைப்பகுதியில் போவதும் வருவதும் ஒரே பாதையில், முறை வைத்து நடக்கின்றன. முறை மாறும்போதெல்லாம் சாதனம் தன்னைத் திருப்பி ட்யூன் செய்யாமலிருக்க, பேசும் பட்டைக்கும் கேட்கும் பட்டைக்கும் நடுப்புள்ளி ஒன்றாக இருக்க வேண்டும். பேசும் பட்டை ஓரத்துக்குப் போனால் கேட்கும் பட்டையும் கூடவே போகும். அங்கிருந்து கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரியாது! இதற்கும் வழி கண்டார்கள். அந்த ஓரத்தில் இரண்டாவது விளக்கு ஒன்றை ஏற்றலாம். புதிதாக வருபவருக்கு அது வழிகாட்டாது. ஏற்கெனவே இணைந்தவர்கள் நேரம் பிசகாமல் இருக்க மட்டும் உதவும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கடுத்த படி. சாதனம் டவரை முதன்முதலில் அழைக்கும்போது பெயர் சொல்வதில்லை. கதவைத் தட்டுவது போல ஒரு சிறு ஒலிக்கோலத்தை அனுப்புகிறது. ஒரு வாய்ப்புக்கு 64 கோலங்கள் வரை உண்டு. அவற்றில் சிலவற்றை ரெட்கேப்புக்கென்று டவர் ஒதுக்கி வைக்கலாம். தட்டும் விதத்திலேயே ‘வந்திருப்பது சின்னவர்’ என்று தெரிந்துவிடும். அவருக்குக் கேட்கும் பட்டைக்குள்ளேயே பதில் போகும்.

2024-இல் முடிந்த 18-ஆம் வெளியீடு சிக்கனத்தை இன்னும் இறுக்கியது. அதில் வரும் வகைக்கு அதன் சொந்தத் தரவு 5 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்க வேண்டும். வேகமும் நொடிக்குச் சுமார் 10 மெகாபிட்தான். ஆனால் அலையை வாங்கும் செவியை மட்டும் 20 மெகாஹெர்ட்ஸிலேயே விட்டுவைத்தார்கள். டவரின் முதல் துடிப்பே 7.2 மெகாஹெர்ட்ஸ் அகலம். ஐந்தில் அது முழுதாகக் கேட்காது.