மலைவாழ் மாணவர்க்கான மாலைநேரக் கற்பித்தலில் செயற்கை நுண்ணறிவுத் துணை: சேர்வராயன் மலையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பள்ளி நேரத்திற்குப் பின் மாணவர்க்குப் பாடம் சொல்லித்தரும் தன்னார்வலர்க்குச் செயற்கை நுண்ணறிவு எவ்வகையில் துணையாகும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. 2024 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்கக் கள ஆய்வின் முடிவுகளும், தமிழ்நாட்டின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் அமைப்பும் இதற்கு அடிப்படையாகின்றன. இக்கருவி மாணவர்முன் அன்றிப் பயிற்றுநர் பக்கம் நிற்றல் வேண்டும் என்பதும், மலைமக்களின் பேச்சுத்தமிழ் குறித்த தீர்ப்பு பயிற்றுநரிடமே இருத்தல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: ஏற்காடு, மலையாளிப் பழங்குடியினர், தன்னார்வலர், செயற்கை நுண்ணறிவு, பேச்சுவழக்கு.

முன்னுரை

சேலத்திற்கு வடகிழக்கே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் சேர்வராயன் மலைமீது அமைந்தது ஏற்காடு. இம்மலையின் பழங்குடிகள் மலையாளிகள் எனப்படுவர். பெயரொற்றுமை இருப்பினும் இவர்கள் கேரளத்தார் அல்லர், தமிழ் பேசுவோர். 1917 இல் தொடங்கப்பெற்ற மான்ஃபோர்ட் பள்ளி முதலான உறைவிடப் பள்ளிகளால் ஏற்காடு வெளியூர்களிலும் பெயர்பெற்றது. எனினும் காப்பித் தோட்டங்களை அடுத்த சிற்றூர்களில் பெற்றோர் கூலிவேலைக்குச் செல்லும் வீட்டுப் பிள்ளைக்கு, மாலையில் ஐயம் தீர்க்கக் கிடைப்பவர் பெரும்பாலும் அவ்வூரிலேயே படித்து முடித்த இளைஞர் ஒருவரே. அவரது கற்பிக்கும் திறனை வளர்ப்பது எவ்வாறு என்பதே இங்கு எழும் வினா.

தன்னார்வலர் முறை

பெருந்தொற்றுக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்பு மாணவர்க்கு மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணிநேரம் தன்னார்வலர் கற்பித்தனர். மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். தொடக்க வகுப்புகளுக்குக் கற்பிக்கப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியே தகுதியாகக் கொள்ளப்பட்டது. ஊராரின் நம்பிக்கையும் பிள்ளைகளின் பேச்சை அறிந்திருத்தலும் இவர்தம் வலிமை. மாணவர் செய்யும் பிழையின் காரணத்தைக் கண்டறியும் பயிற்சி குறைவாக இருத்தல் இவர்தம் எல்லை.

டியூட்டர் கோபைலட் ஆய்வு

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய டியூட்டர் கோபைலட் என்னும் கருவி இவ்வெல்லையைக் கருதியே அமைந்தது. ஏறத்தாழ 900 பயிற்றுநர்களும் 1,800 மாணவர்களும் பங்குகொண்ட கள ஆய்வில் பயிற்றுநர் இரு பிரிவினராகப் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவினர்க்கு மட்டும் இக்கருவி வழங்கப்பட்டது. கருவி மாணவரோடு உரையாடவில்லை. மாணவர் தடுமாறும் இடத்தில் அடுத்து என்ன கேட்கலாம் எனப் பயிற்றுநர்க்குக் குறிப்பளித்தது. ஏற்பதும் விடுப்பதும் திருத்துவதும் அவர் உரிமை.

கருவி பெற்ற பயிற்றுநரின் மாணவர் பாடப்பொருளில் தேர்ச்சியுறும் வாய்ப்பு 4 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது. குறைந்த மதிப்பீடு பெற்றிருந்த பயிற்றுநரின் மாணவர்க்கு அவ்வுயர்வு 9 புள்ளிகள். அப்பயிற்றுநர்கள் விடையை நேரே சொல்வதைக் குறைத்து, வழிகாட்டும் வினாக்களை மிகுதியாகக் கேட்டனர். மாணவரின் வகுப்பு நிலைக்குப் பொருந்தாத குறிப்புகளும் சில வேளை வந்தன என்று அவர்கள் தெரிவித்தனர். அனுபவம் குறைந்தவர்க்கே பயன் மிகுதி என்னும் முடிவு, தன்னார்வலரை நம்பியுள்ள மலைச் சிற்றூர்களுக்கு முதன்மையானது.

ஓர் எடுத்துக்காட்டு

52 இலிருந்து 27 ஐக் கழித்து 35 என ஒரு மாணவி எழுதுவதாகக் கொள்வோம். ஒன்றின் இடத்தில் சிறிய எண்ணைப் பெரிய எண்ணிலிருந்து கழித்ததே பிழையின் காரணம். ‘தவறு, விடை 25’ எனச் சொன்னால் அக்காரணம் அவளிடம் அப்படியே தங்கிவிடும். ‘மாணவி இவ்வாறு எழுதினாள், பிழை எங்கே? விடையைச் சொல்லாமல் நான் கேட்கத்தக்க இரண்டு வினாக்களைத் தருக’ என்று பயிற்றுநர் கருவியிடம் கேட்கலாம். ‘35 உடன் 27 ஐக் கூட்டினால் 52 வருகிறதா?’ என்னும் வினா அதன்வழிக் கிடைக்கக்கூடும். 62 வருவதைக் கண்டு மாணவி தானே ஐயுறுவாள். அடுத்த படியைப் பயிற்றுநர் தம் ஊர்ப்பொருளால் அமைக்கலாம்: பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து காப்பிக்கொட்டைப் பொட்டலங்கள், உதிரியாக இரண்டு கொட்டைகள். ஏழு உதிரியைக் கொடுக்க ஒரு பொட்டலத்தைப் பிரித்தாக வேண்டும். அப்போது உதிரி பன்னிரண்டாகிறது. ஏழு போக ஐந்து எஞ்சும். மீதமுள்ள நான்கு பொட்டலங்களில் இரண்டு போக இரண்டு எஞ்சும். வினாவைக் கருவி தந்தது. பொருளைத் தேர்ந்தவர் பயிற்றுநர்.

கருத்திற்கொள்ள வேண்டியவை

முதலாவது மொழி. இத்தகைய கருவிகள் பெரிதும் எழுத்துத்தமிழைக் கொண்டே பயிற்றப்படுவன. மலைப்பிள்ளை தன் வீட்டு வழக்கில் சொல்லும் சரியான விடையைக் கருவி பிழையெனக் காட்டக்கூடும். பிள்ளைக்கு விடை தெரியாமையும் பாடநூல் வழக்கு தெரியாமையும் வெவ்வேறு. இவ்வேறுபாட்டை அறிபவர் அவ்வூர்ப் பயிற்றுநரே. தன் பேச்சே பிழை என எண்ணத் தொடங்கும் பிள்ளை வாய்திறப்பதை நிறுத்திவிடும்; அவ்விழப்பை எக்கணக்குத் தேர்ச்சியும் ஈடுசெய்யாது.

இரண்டாவது இணைப்பு. மலைச்சரிவுகளில் அலைபேசி அலை எங்கும் சீராக இராது. ஆகவே அலை கிடைக்கும் இடத்திலேயே முன்னாள் பாடத்தின் பிழைகளைக் கருவியிடம் கேட்டு, வினாக்களை ஏட்டில் எழுதிக்கொண்டு வகுப்பிற்குச் செல்வது நன்று.

மூன்றாவது மறைகாப்பு. 2023 ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 அகவை நிரம்பாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் இசைவை வேண்டுகிறது. பிழையை விளக்க மாணவரின் பெயரோ ஊரோ குலமோ தேவையில்லை. கணக்கும் வகுப்பும் போதும்.

முடிவுரை

செயற்கை நுண்ணறிவு உதவி பயிற்றுநரை விலக்கும் மாற்று அன்று. அவர் அடுத்துக் கேட்கவேண்டிய வினாவை நினைவூட்டும் துணையே. ஆகவே பயிற்சி முகாம்கள் கருவியை இயக்கக் கற்பிப்பதோடு நில்லாமல், அதன் குறிப்பை எப்போது ஏற்பது, எப்போது மறுப்பது என்பதையும் கற்பித்தல் வேண்டும். அத்தகைய பயிற்சி பெற்ற ஊர் இளைஞரின் துணையோடுதான் இக்கருவியின் பயன் சேர்வராயன் மலைப் பிள்ளைகளை அடையும்.