அம்பாவை மூடிய குரல்

சென்ற மாதத்து ஒரு சனிக்கிழமை மாலை, உடப்புக் கரையிலுள்ள ஒரு முற்றத்தில், சமுதாய மாற்றங்களைப் பற்றிய சில குறும் விவரணப் படங்கள் காட்டப்பெற்றன. இரு தென்னைகளுக்கிடையே கட்டிய வெள்ளை வேட்டியே திரை. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. காற்றுக்கு வேட்டி உப்பியும் ஒட்டியும் நின்றமையால், படத்து மாந்தர் யாவரும் கணத்துக்குக் கணம் பருத்தும் மெலிந்தும் தோன்றினர்.

நான் கீழைத்தேயக் கல்லூரியிலே இலக்கணம் பயின்று, இலக்கணமே கற்பித்து வருபவன். படக்கலை பற்றித் தீர்ப்புரைக்க எனக்குத் தகுதியில்லை. ஆயினும் அன்றைய நிகழ்ச்சியில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. அப்பங்கில் நான் ஒரு பிழையும் செய்தேன். ஆதலால் இதனை எழுதுகின்றேன்.

முதலிற் காட்டப்பெற்றது ‘சோங் ஒவ் சிலோன்’. பசில் றைற் என்னும் ஆங்கிலேயர் 1934 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கு வந்து பிடித்த படம். தேயிலைப் பிரசாரச் சபையாரின் பணத்தில் உருவாகி, மறு ஆண்டு பிரசல்ஸ் நகரிற் பரிசு பெற்றது. நம்மவர் முகங்களை அத்துணைப் பரிவோடு நோக்கிய படங்கள் சிலவே. ஆனால் அம்முகங்கள் பேசுவதில்லை. பேசுவது றொபேட் நொக்ஸ். கண்டி அரசிலே ஏறத்தாழ இருபதாண்டு சிறையிருந்து, நமக்கு வடக்கேயுள்ள அரிப்புக் கரைக்குத் தப்பி வந்த அதே நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை லயனல் வென்ற் வாசிக்கின்றார். ஒருவர் தென்னையில் ஏறும்போது எங்கள் சிறுவர் கைதட்டி ஆரவாரித்தனர். அவர்களுட் பலரின் தந்தையர் செய்யும் தொழிலல்லவா? அக்காட்சியின்மீது ஒலிப்பதோ வணிகரின் ஆங்கிலக் குரல்கள். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கும் அதே கதிதான். அப்பெண்களின் சமூகத்தவருட் பெரும்பாலோர் 1948 இற் சட்டத்தினாற் குடியுரிமையும் இழந்தனர்.

றைற் கண்ட அழகிய இலங்கையை அவ்வாண்டின் இறுதியிலேயே மலேரியா பிடித்துக்கொண்டது. மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்க, நுளம்பு பெருகிற்று. சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 உயிர்கள் மாண்டன. என் பாட்டியார் உடன்பிறந்தார் இருவரை அந்தக் காய்ச்சலிலேதான் பறிகொடுத்தார். ஆகவே, அரசாங்கத் திரைப்படப் பிரிவிலே பணியாற்றிய லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் வரண்ட வலயத்து மலேரியா ஒழிப்பைப் பற்றி 1954 இல் எடுத்த படம் அடுத்து வந்தபோது, அதனைச் சினிமா என்று என்னாற் பார்க்க இயலவில்லை. இலங்கையில் மலேரியா அற்றுவிட்டதென உலகச் சுகாதார நிறுவனம் சான்று அளித்தது 2016 இல். பாட்டியார் அதுவரை இருக்கவில்லை.

கடைசிப் படம் எங்கள் மாணவர் கைத்தொலைபேசியிற் பிடித்தது, பன்னிரண்டு நிமிடம், பொருள் கரைவலை. தோணியிற் சென்று வலையை வளைத்து விட்டு, இரு தலைக் கயிறுகளையும் கரையில் இரு கூட்டத்தார் இழுப்பர். ஒருவர் அம்பாப் பாட்டெடுக்க மற்றையோர் ஏற்றுப் பாடுவர். பாட்டின் அடிக்குக் காலடி பெயரும். பின்னர் பல கரைகளிலே வின்ச் பூட்டிய உழவு இயந்திரம் கயிற்றை இழுக்கலாயிற்று. இயந்திரத்துக்குப் பாட்டு வேண்டியதில்லை. கூலிக்கு இழுத்தவர்களுட் பலருக்கு வேலையுமில்லை. இதனை முதிய மண்டாடி ஒருவர் படத்தில் விரித்துரைக்கின்றார்.

அப்படத்துக்கு வருணனை எழுதித் தருமாறு மாணவர் கேட்டிருந்தனர். எழுதினேன். ‘நெய்தல் நில மாந்தர்’, ‘திரைகடல்’, ‘பரதவர்’ என்று என் கல்வி முழுவதையும் கொட்டினேன். என் குரலிலேயே பதிவும் செய்தனர். படம் ஓடியது. மண்டாடி வாயசைத்தார், கேட்டது நான். அம்பா தொடங்கிற்று, அதன்மேலும் நான்!

முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் திரும்பினார். “ஐயா, நான் பேசினது எங்க போச்சு?” என்றார். கோபமில்லை, உண்மையாகவே கேட்டார்.

இன்னுமொன்று. அவர் ‘சோளகம்’ என்று சொன்னதை நான் ‘தென்றல்’ எனத் திருத்தியிருந்தேன். தென்றல் மெல்லென வருவது. சோளகம் தோணியைப் புரட்டுவது. முப்பதாண்டுகளாக இத்தகைய சொற்களை மாணவர் கட்டுரைகளிலே சிவப்பு மையால் அடித்து வந்திருக்கின்றேன். இங்கிருந்து தெற்கே, சிலாபம் தொடங்கி நீர்கொழும்பு வரையுள்ள கடலோர ஊர்கள் பலவற்றிலே பாட்டி தமிழிற் பேசப் பேரன் சிங்களத்தில் விடை சொல்லுகின்றான். அவ்வூர்களின் தமிழைப் பண்டிதர் யாரும் எழுதி வைத்ததை நான் கண்டதில்லை. ஆராய வந்தவர்கள் மொழியியலாளரே.

மறு வாரம் மாணவர் வந்தனர். “சேர், நீங்கள் எழுதியதை எடுத்துவிடட்டுமா?” என்று தயங்கிக் கேட்டனர். ஊர்ப் பெயரையும் ஆண்டையும் சொல்லும் ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டு ஏனையவற்றை நீக்கச் சொன்னேன். அம்பாவைத் தெளிவாக மீளவும் பதிவு செய்யவேண்டியிருந்தது. பெரியவரோ வெறுங்கையோடு பாட மறுத்துவிட்டார். “கயிறு இல்லாம எப்படிப் பாடுறது?” என்றார். பழைய கயிறொன்றைக் கொண்டுவந்து தென்னையடியிற் கட்டினோம். ஆள் போதவில்லை. கயிற்றின் கடைத்தலையை நானும் பிடித்தேன்.