பழைய திரைக்கு ஒரு புது உத்தியோகம்

சாக்கோட்டை வட்டாரத்துப் பெரிய வீடுகள் இடிபடும்போது, அவற்றின் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளை அடைந்து, பின்னர் வேறோர் இல்லத்தை அலங்கரிக்கப் புறப்பட்டுவிடுகின்றன. ஆனால், திரை பழுதற்றிருந்தும் ஏனைய உறுப்புகள் ஓய்ந்தோ பழசாகியோ போன ஒரே காரணத்தால், மடிக்கணினிகளும் மின்நூல் வாசிப்பான்களும் பழைய இரும்புக்காரரின் சாக்கில் விழுகின்றன. இது அநியாயம் என்றே சொல்வேன்.

மடிக்கணினியின் காரியம் சுலபம். திரையைக் கழற்றி, அதன் முதுகில் அச்சிட்டுள்ள மாடல் எண்ணுக்குப் பொருந்தும் கன்ட்ரோலர் போர்டைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி இணைத்தால், அது தனி மானிட்டராகிவிடும். மிகப் பழைய திரைகளின் விளக்குக் குழலில் பாதரசம் உண்டாதலால், அதை உடைத்துவிடலாகாது.

வாசிப்பானின் திரையோ முற்றிலும் வேறு ஜாதி. அமெரிக்காவில் 1997இல் தோன்றிய ஈ-இங்க் நிறுவனம் உருவாக்கி, 2004இல் சோனியின் லிப்ரியேயிலும் 2007இல் கிண்டிலிலும் இடம்பெற்ற அத்திரையில், தலைமயிரின் பருமனே உள்ள நுண்ணிய குமிழ்களுக்குள் எதிரெதிர் மின்னேற்றம் பெற்ற வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. மின்புலம் திசை மாறுந்தோறும் ஒரு நிறம் மேலெழ, மற்றது கீழிறங்குகிறது. மின்சாரம் நின்ற பிறகும் எழுத்து அப்படியே நிலைக்கும். பிரகாசமான வெயிலிலும் கண் கூசாது. 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இயங்கிவரும் காரைக்குடிப் பிரதேசத்துக்கு, மின்னேற்றத் துகள்களின் இந்த வித்தை அந்நியமானதன்று.

கிண்டில், கோபோ ஆகிய வாசிப்பான்களின் உள்ளே ஓடுவது லினக்ஸ். ஆகையால் அவற்றின் பூட்டைத் திறக்க வல்லவர்கள், கணினியின் திரைக்காட்சியை வை-ஃபை வழியாக அவற்றில் வரவழைக்கிறார்கள். அத்தனை சிரமம் வேண்டாதவர், வாசிப்பானிலுள்ள பிரௌசரிலேயே, கணினி அனுப்பும் பக்கத்தைத் திறந்து வைக்கலாம். காட்சி மாறச் சற்று நேரமாகும். முந்தைய பக்கத்தின் நிழலும் சிறிது தங்கும். ஆதலால் சினிமாவுக்கு அது உதவாது. ஆனால் தமிழ் நூல்களை மின்வடிவில் தர 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களை மெய்ப்புப் பார்ப்பவருக்கும், நாளெல்லாம் எழுத்தையே நோக்கியிருக்கும் ஆசிரியருக்கும் அதைவிட இதமான திரையை நான் அறியேன்.

பாட்டரி உப்பியிருந்தால் மட்டும் அதைத் தொடாமல், கருவியை அப்படியே, 2023 ஏப்ரல் 1 முதல் அமலிலுள்ள மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதே உசிதம்.