உரோமானிய வங்கியாளர்களின் கணக்குக் காட்டும் கடமை

பண்டைய உரோமில் வைப்புத் தொகை பெறுதல், வாடிக்கையாளர் சார்பில் பணம் செலுத்துதல், ஏலத்தில் பொருள் எடுப்போருக்குக் கடன் கொடுத்தல் ஆகியவற்றைத் தொழிலாகக் கொண்டிருந்த தனியார் வங்கியாளர்கள் அர்கென்டாரிகள் எனப்பட்டனர். வாடிக்கையாளருக்கு வழக்கு நேர்ந்தால், அவருடைய கணக்கை எடுத்துக் காட்ட இவர்கள் சட்டத்தால் கட்டாயப்படுத்தப்பட்டனர். நீதி நிருவாகத்தைக் கவனித்த பிரேட்டர் என்னும் அதிகாரியின் ஆணையில் இக்கடமை இடம்பெற்றிருந்தது. ஆணைக்குச் சட்ட அறிஞர்கள் எழுதிய உரைகளின் பகுதிகள், பேரரசர் ஜஸ்டினியன் கி.பி. 533இல் வெளியிட்ட டைஜஸ்ட் தொகுப்பின் 2ஆம் நூல், 13ஆம் தலைப்பில் உள்ளன.

கடமையின் காரணம்

ஒருவர் தாம் பட்ட கடனை வங்கியாளரின் மேசை வழியாகத் தீர்த்துவிட்டார் என்று கொள்வோம். கடன் கொடுத்தவர் பணம் வரவில்லை என்று வழக்குத் தொடுக்கிறார். பணம் கைமாறியதற்கான எழுத்து வங்கியாளரின் ஏட்டில் மட்டுமே இருக்கிறது. வங்கியாளரோ இந்த வழக்கில் வாதியுமல்லர், பிரதிவாதியுமல்லர். அவர் ஏட்டைத் திறக்க மறுத்தால், கொடுத்த கடனையே மறுமுறை கொடுக்க வேண்டி வரும்.

இதற்கு உல்பியான் கூறும் விளக்கம் எளிமையானது. வங்கியாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கணக்கு எழுதுகிறார். எனக்காக எழுதிய கணக்கு ஒரு வகையில் என்னுடைய ஆவணமே, ஆகவே அதை எனக்குக் காட்டுவதே நியாயம் என்கிறார். கையுஸ் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். வங்கியாளரின் தொழில் பொதுநலன் சார்ந்தது, தம் நடவடிக்கைகளுக்குக் கவனமாகக் கணக்கு எழுதுவதே அவர்களின் முதன்மையான வேலை, அதனால்தான் மற்றவர்களை விட்டு இவர்களை மட்டும் ஆணை கட்டாயப்படுத்துகிறது என்பது அவர் கருத்து. நாணயம் மாற்றித் தரும் நும்முலாரிகளும் பணத்தைப் பெற்றுப் பகுதி பகுதியாகக் கொடுப்பவர்கள் என்பதால், அவர்களையும் இதில் சேர்ப்பது தவறாகாது என்று பொம்போனியுஸ் எழுதியதாகப் பவுலுஸ் குறிப்பிடுகிறார்.

ஏட்டை எந்த வடிவில், எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதி எதுவும் இத்தலைப்பில் இல்லை. எழுதுவது தொழிலின் இயல்பு என்று கொண்டு, காட்டுவதை மட்டுமே சட்டம் கேட்டது.

நாளும் கான்சலும்

உரோமர்கள் ஆண்டை அவ்வாண்டின் கான்சல்களின் பெயரால் குறித்தனர். வங்கியாளர் காட்டும் கணக்கில் நாளும் கான்சல் பெயரும் இருக்க வேண்டும் என்று ஆணை வற்புறுத்தியது. வழக்காடும் இரு தரப்பினர் ஒருவருக்கொருவர் ஆவணம் காட்டும்போதோ நிலைமை நேர்மாறானது: அங்கே நாளும் கான்சலும் இல்லாமல்தான் காட்ட வேண்டும். தேதி தெரிந்துவிட்டால், அதற்கு முந்திய தேதியிட்டு எதிராளி ஒரு போலிப் பத்திரத்தைத் தயார் செய்துவிடக்கூடும் என்ற அச்சமே காரணம். ஒரே சட்டத் தலைப்பில் தேதியை ஓரிடத்தில் மறைக்கவும் ஓரிடத்தில் காட்டவும் சொல்லியிருப்பது, வங்கியாளரின் ஏட்டுக்கு இருந்த தனி மதிப்பைக் காட்டுகிறது.

காட்டும் முறை

கணக்கை வாய்மொழியாகச் சொல்லி எழுதச் செய்யலாம், நகல் தரலாம், அல்லது ஏட்டையே கொண்டுவரலாம். கணக்கைத் தலைப்பிலிருந்து காட்ட வேண்டும். ஆனால் கேட்டவருக்குத் தொடர்புள்ள பகுதியைப் பார்த்து எழுதிக்கொள்ள விட்டால் போதும். பேரேடு முழுவதையும் புரட்ட அவருக்கு உரிமை இல்லை. பிற வாடிக்கையாளரின் இரகசியத்துக்கு இது ஓரளவு காப்பாக அமைந்தது.

வங்கியாளர்களில் பலர் ஏடுகளைத் தம் பண்ணை வீட்டிலோ கிடங்கிலோ போட்டு வைப்பது வழக்கம் என்று உல்பியான் சொல்கிறார். அப்படியானால் கேட்டவரை அங்கே அழைத்துச் செல்ல வேண்டும், இல்லையேல் நகலெடுத்துக் கொடுக்க வேண்டும். தொழில் செய்த ஊரிலேயே கணக்கைக் காட்ட வேண்டும். ஏடுகளை வேறு மாகாணத்துக்குக் கொண்டுபோய் விட்டேன் என்ற சாக்கு செல்லாது என்பது உல்பியானின் கருத்து.

தொழிலை விட்டவரும் இறந்தவரின் வாரிசுகளும் இக்கடமையிலிருந்து தப்ப முடியாது. எசமானரின் சம்மதத்தோடு அடிமை ஒருவர் வங்கித் தொழில் செய்திருந்தால் எசமானரே பொறுப்பு. அவருக்குத் தெரியாமல் செய்திருந்தால், அக்கணக்குகள் தம்மிடம் இல்லை என்று அவர் சத்தியம் செய்தால் போதும்.

வாடிக்கையாளருக்கும் கட்டுப்பாடு உண்டு. தொல்லை கொடுப்பதற்காகக் கேட்கவில்லை என்று அவர் சத்தியம் செய்ய வேண்டும். ஒருமுறை பெற்றவர் மீண்டும் கேட்டால், முதல் நகல் வெளியூரில் இருக்கிறது, அரைகுறையாகத் தரப்பட்டது, அல்லது தம் கவனக்குறைவால் அன்றிப் பெரும் விபத்தில் தொலைந்தது என்பது போன்ற காரணத்தைக் காட்ட வேண்டும். வங்கியாளரே இன்னொரு வங்கியாளரிடம் கணக்குக் கேட்க முடியாது. தம் தொழிலின் ஏடு அவரிடமே இருக்கும்போது பிறரை ஏன் கேட்க வேண்டும் என்பதே வாதம்.

வஞ்சகமாகக் காட்ட மறுத்தவரும் வேண்டுமென்றே திரித்துக் காட்டியவரும், அதனால் கேட்டவருக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்ய வேண்டும். சாதாரணக் கவனக்குறைவுக்குத் தண்டனை இல்லை. வஞ்சகத்தை ஒட்டிய கவனக்குறைவுக்கு மட்டுமே பொறுப்பு வந்தது. இது வங்கியாளருக்குத் தாராளமான விதியே.

ஐந்தொகை போடும் கட்டாயம்

கணக்கில் பிழை செய்தால் வங்கியாளருக்கு உண்மையிலேயே வலித்தது வேறிடத்தில். வாடிக்கையாளர் மீது அவர் வழக்குத் தொடுக்கும்போது, தாம் அவருக்குத் தர வேண்டியதைக் கழித்து, மீதியை மட்டுமே கேட்க வேண்டும் என்று கையுஸின் சட்டப் பாடநூல் கூறுகிறது. வங்கியாளருக்கு வர வேண்டியது 20, அவர் தர வேண்டியது 10 என்றால் கேட்பது 10 ஆக இருக்க வேண்டும். ஒரே ஒரு நாணயம் கூடுதலாகக் கேட்டாலும் வழக்கு முழுவதும் தோற்றுப்போகும். பணத்துக்குப் பணம், கோதுமைக்குக் கோதுமை என்று ஒரே இனப் பொருள்களுக்கு மட்டுமே இந்தக் கழிவு உண்டு. பற்றும் வரவும் அன்றாடம் சரிபார்க்கப்படாத ஏட்டோடு நீதிமன்றம் போவது பெரும் ஆபத்தாக இருந்திருக்கும்.

எஞ்சியுள்ள சான்றுகள்

பொம்பெயி நகரில் லூக்கியுஸ் கைக்கிலியுஸ் யுகுண்டுஸ் என்னும் வங்கியாளரின் வீட்டில் 1875இல் 150க்கும் மேற்பட்ட மெழுகுப் பலகை ஆவணங்கள் கிடைத்தன. பெரும்பாலானவை கி.பி. 50களையும் 60களின் தொடக்கத்தையும் சேர்ந்தவை. எனினும் இவை சட்டம் பேசும் பேரேடுகள் அல்ல. ஏலத்தில் விற்ற பொருளுக்கான பணத்தை யுகுண்டுஸிடமிருந்து பெற்றுக்கொண்டதாக விற்றவர்கள் கொடுத்த பற்றுச்சீட்டுகளே இவற்றில் மிகுதி. சாட்சிகளின் பெயர்களும் நாளும் கான்சல் பெயரும் அவற்றில் காணப்படுகின்றன.