உங்களுக்குத் தெரியுமா? பட்டிக்காரர் நட்ட கல், வேட்டைக்காரர் தீட்டிய பாறை

● கோவையிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் வழியில், க.க.சாவடிப் பக்கம் குமிட்டிபதி என்றொரு ஊர் இருக்கிறது. அங்குள்ள பதிமலையில் ஏறினால், பாறை ஒதுக்கின் உட்புறத்தில் வெள்ளை நிறத்தில் யானையும் மனித உருவங்களும் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயின் வாசல் அது. சேரநாட்டுத் துறைமுகங்களுக்கும் கொங்குச் சந்தைகளுக்கும் இடையே சரக்கு போன பாதையும் அதுதான். யானைக்கும் மனிதனுக்கும் ஒரே வழி என்பதை அந்தப் பாறை அன்றே எழுதி வைத்திருக்கிறது. காரமடைப் பக்கத்து வேட்டைக்காரன் மலையிலும் ஓவியங்கள் உண்டு. பெயரைக் கவனியுங்கள்.

● பாறையில் தீட்டிய சிவப்பு, காவிக்கல்லைக் குழைத்தது. வெள்ளை, வெண்களிமண். கொங்குப் பக்கம் வெள்ளையே மிகுதி. இரண்டுமே மண்ணிலிருந்து வந்த நிறங்கள். அவற்றில் கரிமம் இல்லை. அதனால் எலும்பையும் கரியையும் வைத்து வயது சொல்லும் கரிமக் கணக்கு இங்கே எடுபடாது. எந்தப் படத்தின் மேல் எந்தப் படம் ஏறியிருக்கிறது, கையில் வில்லா வாளா, ஏறியிருப்பது குதிரையா என்றெல்லாம் பார்த்துத்தான் ஆய்வாளர்கள் காலத்தை மதிப்பிடுகிறார்கள். "சரியாக இத்தனை ஆயிரம் வருஷம்" என்று யாராவது அடித்துச் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

● தமிழ்நாட்டின் பெரிய பாறை ஓவியத் தொகுதிகளில் ஒன்று நீலகிரியில், கீழ்க்கோத்தகிரிக்கு அப்பால், கரிக்கியூர் என்னும் இருளர் ஊருக்கு அருகே இருக்கிறது. இடத்தின் பெயர் பொறிவரை. நீண்ட பாறை முகம் முழுக்க நூற்றுக்கணக்கான உருவங்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மழைக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடித்தவை, நம் காலத்தில் சாக்பீஸ் பெயர்களுக்கும் கத்திக் கீறல்களுக்கும் தோற்றுக்கொண்டிருக்கின்றன. ஓவியத்தின் மேல் தன் காதலி பெயரைக் கீறிவிட்டு வருகிறவனுக்கு, அழித்தது யாருடைய கையெழுத்து என்பது தெரியவே தெரியாது. நினைத்தாலே வயிறு எரிகிறது.

படம் பளிச்சென்று விழ வேண்டும் என்று பாறையில் தண்ணீர் தெளிப்பதும் கெடுதல்தான். ஈரம் காயக் காய உப்பு மேலே பூத்து நிறத்தை மூடும், உரிக்கும். போகிறவர்கள் தொடாமல், நனைக்காமல் பார்த்துவிட்டு வாருங்கள்.

● கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பை, ஆலுக்குறும்பர் என்னும் பழங்குடியினரின் ஊர். அருகிலுள்ள ஓவியப் பாறைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் எழுத்துப்பாறை. அதை முன்னோர் கைவேலை என்று சொல்லும் குறும்பர், இன்றும் வேங்கை மரப் பிசினின் செம்பழுப்பையும் இலைச்சாற்றின் பச்சையையும் எடுத்துத் தேனெடுப்பையும் சடங்குகளையும் வரைகிறார்கள். பாறைக்குப் பதில் துணியும் தாளும் வந்திருக்கின்றன, அவ்வளவுதான். பாறை ஓவியம் என்றால் செத்துப்போன கலை என்று எண்ணுகிறவர்கள் ஒருமுறை அந்த மலைக்குப் போய்வர வேண்டும்.

● ஸ்பெயினின் அல்டமிரா குகை ஓவியங்கள் உலகுக்குத் தெரியவந்தது 1879-ல். அதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்னதாகவே, 1867-68-ல், உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூர்ப் பக்கத்துப் பாறைகளில் ஓவியங்களைப் பார்த்துவிட்டார் தொல்லியலாளர் ஆர்ச்சிபால்ட் கார்லைல். ஆனால் பெயர் போனது அல்டமிராதான்.

● "குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கான்" என்று வீட்டில் திட்டு வாங்காதவர் உண்டா? அந்தக் குத்துக்கல்தான், இறந்தவர் நினைவாகச் செங்குத்தாக நட்ட நெடுங்கல். மண்ணுக்கு மேலே பலகைக் கற்களால் கட்டியது கல்திட்டை. மண்ணுக்குள்ளே இறக்கியது கற்பதுக்கை. சுற்றிலும் உருண்டைக் கற்களை அடுக்கினால் கல்வட்டம்.

● சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் கொடுமணல். 1985-லிருந்து தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே பலமுறை அகழாய்வு செய்தது. பிறகு புதுவைப் பல்கலைக்கழகமும் மாநிலத் தொல்லியல் துறையும் தொடர்ந்தன. ஊருக்கு வெளியே ஈமக்காடு. ஒரே ஒரு ஈமச்சின்னத்தில் மட்டும் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன. கல் பதித்த வெண்கலப் புலியும் வந்தது. பதிற்றுப்பத்து அணிகலனுக்குப் பெயர்போன ஊராகச் சொல்லும் கொடுமணம் இதுதான் என்பது அறிஞர் கருத்து.

மணிகளைவிட என்னைக் கட்டிப்போடுவது அந்தக் கல்லறைகளின் தச்சு. சுண்ணாம்பில்லை, ஆணியில்லை. நான்கு பலகைக் கற்களில் ஒவ்வொன்றும் அடுத்த கல்லின் முனையைத் தாண்டி நீண்டு, அதற்கு முட்டுக் கொடுத்து நிற்கும். மேலிருந்து பார்த்தால் சுழலும் சக்கரம்போல இருக்கும். வெளியிலிருந்து மண் நெருக்க நெருக்கக் கற்கள் இன்னும் இறுகுமே தவிரச் சரியாது. ஒரு பலகையில் வட்டமாக ஓட்டை. அதை இடுதுளை என்பார்கள். காகசஸ் மலைகளின் கல்திட்டைகளிலும் இதேபோல் வட்டத் துளை உண்டு. ஒருவரையொருவர் பார்த்தேயிராத மக்கள், செத்தவருக்கு ஒரு வாசல் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

● இந்தக் கல்வீடுகளை யார் கட்டியது என்பதை மறந்த பிறகு மக்கள் ஆளுக்கொரு கதை வைத்தார்கள். பாண்டவர் வனவாசத்தில் தங்கிய வீடு என்பது ஒன்று. முழங்கால் உயரக் குள்ளர்கள் குடியிருந்தார்கள் என்பது இன்னொன்று. உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மேலேறினால் வரும் மறையூரில் இவற்றுக்கு முனியறை என்று பெயர். மறையூர் இன்று கேரளத்தில் இருக்கிறது. ஆனால் அந்த அஞ்சுநாட்டு ஊர்களில் வழங்குவது தமிழ். பாறைமேல் வரிசையாக நிற்கும் கல்திட்டைகளைப் பார்க்க உடுமலைக்காரர்கள் ஒரு பகல் ஒதுக்கினால் போதும். வடக்கே கிருஷ்ணகிரிக்கு அருகே மல்லச்சந்திரத்திலும் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன.

● ஊட்டியின் பிரீக்ஸ் பள்ளி தெரியும். யார் அந்த பிரீக்ஸ்? நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். மலையுச்சிக் கல்வட்டங்களைத் தோண்டி, பழங்குடிகளையும் சின்னங்களையும் பற்றி அவர் எழுதிய நூல் 1873-ல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை, 1872-லேயே இறந்துவிட்டார். அந்தக் கல்வட்டங்களில் கிடைத்த மண்கலங்களின் மூடிகளில் எருமை உருவங்கள் உட்கார்ந்திருக்கின்றன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

எருமையை உயிராக நினைக்கும் தோடர்களின் முன்னோர்தான் அந்தக் கல்வட்டங்களைக் கட்டினார்களா? அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை. தோடர்களின் ஈமச்சடங்கிலும் ஒரு கல்வட்டம் உண்டு, அங்கேதான் சாம்பலைப் புதைப்பார்கள். இது மட்டுமே சான்றாகிவிடாது என்றாலும், எனக்கு இதைத் தள்ளிவிட்டுப் போக மனம் வருவதில்லை.

● கொங்கு ஊர்களில் ஆலமரத்தடியிலும் கோயில் ஓரத்திலும் எண்ணெய் வழிய நிற்கும் புலிக்குத்திக்கல்லைப் பார்த்திருப்பீர்கள். பின்னங்காலில் எழுந்து பாயும் புலி, அதன் உடலில் ஈட்டியோ வாளோ பாய்ச்சும் வீரன். மாட்டையும் ஆட்டையும் காக்கப்போய் உயிர்விட்டவன் அவன். காங்கேயம் மாடுகள் இன்று கிளுவை வேலி போட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் பயமில்லாமல் கொழுக்கட்டைப் புல் மேய்கின்றன. வேலிக்கு முந்தைய காலத்தில் பட்டிக்குக் காவல் மனிதன்தான்.

பழைய நடுகல் கல்வெட்டுகளில் மாட்டு மந்தைக்குத் 'தொறு' என்று பெயர். தொறுவை மீட்டு இறந்தவனைப் 'பட்டான்' என்று எழுதினார்கள். கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. பட்டிப் பொங்கலன்று மாட்டுக்குப் படைக்கும் வீடுகள் அந்த ஊர்க்கல்லுக்கும் ஒரு கை சோறு வைத்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்!

● வீரனுக்கு மட்டும்தான் கல்லா? திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 624-ல், கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு நடுகல் எடுத்தார்கள். அவன் இறந்து கிடக்க, இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயும் அதே கல்லில் நிற்கிறது. அதன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள்: கோவிவன்.